பேட்டரி பலகையோட ஊருக்குப் போன கதை

இந்த வாட்டி ஊருக்குப் போகையில எலக்ட்ரிக் ஸ்கேட்போர்டையும் தூக்கிட்டுப் போனேன். வீட்டுல திட்டு விழுந்துச்சு, நியாயம்தான். டெக்சாஸ்ல தினமும் ஆபீசுக்கு அதுலதான் போறேன், அத வீடியோ கால்ல பாத்துட்டு பெரியப்பா பேரன் "சித்தப்பா, வரும்போது அந்தப் பலகைய கொண்டாங்க"ன்னு ஒத்தக்கால்ல நின்னான், வேற காரணம் ஒண்ணும் இல்ல.

இதுல பலகை, சக்கரம், மோட்டார் எதுவும் பெரிய பிரச்சினை இல்ல, பேட்டரிதான் எல்லாம். லித்தியம் பேட்டரி 100 வாட்-அவர் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் தாங்கும்ங்கிற கணக்கு) வரைக்கும் ஏர்லைன் கிட்ட கேக்காமயே கொண்டுபோகலாம், 100ல இருந்து 160 வரைக்கும் அவங்க அனுமதி வேணும், 160 தாண்டிட்டா பயணி சாமானா எடுத்துட்டுப் போகவே முடியாது, கார்கோதான். கணக்கு ஈசி, வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குனா வந்துரும். என் பழைய போர்டு 300ஐத் தாண்டும், அத வீட்டுலயே வச்சுட்டேன். இப்ப கொண்டுபோனது கழட்டி மாட்டுற பேட்டரி, 36 வோல்ட், 2.5 ஆம்பியர்-அவர், ஆக 90. நிறைய ஹோவர்போர்டுல (கைப்பிடி இல்லாம ரெண்டு சக்கரத்து மேல நின்னுட்டுப் போற வண்டி) வர்ற 36 வோல்ட், 4.4 பேட்டரிய பெருக்கிப் பாருங்க, 158 வருது, விளிம்புல நிக்குது. அதுலயும் நிறைய மாடல்ல பேட்டரிய கழட்டவே முடியாது.

ஆனா ஒண்ணு, நம்பர் சரியா இருந்தாலும் சில ஏர்லைன்காரங்க இந்த வகை வண்டியே வேண்டாம்னு பேர் போட்டு தடை வச்சிருக்காங்க. 2015ல ஹோவர்போர்டு அங்கங்க தீப்பிடிச்சதுல இருந்து வந்த பயம் அது, மறுவருஷம் அமெரிக்காவுல மட்டும் 5 லட்சம் ஹோவர்போர்டுக்கு மேல திரும்ப வாங்குனாங்க. அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு கம்பெனிக்கும் மெயில் போட்டு, பதில பிரிண்ட் எடுத்து வச்சுக்கிட்டேன். இத மட்டும் யாரும் சோம்பேறித்தனப்படாதீங்க.

வெளிநாட்டு ஃப்ளைட்ல ஒரு தொந்தரவும் இல்ல. பலகை செக்-இன்ல, பேட்டரி கைப்பைல. நடுவுல கல்ஃப்ல மாறும்போது மட்டும் செக்யூரிட்டில பேட்டரி முனைய தொட்டுப் பாத்துட்டு டேப் ஒட்டச் சொன்னாங்க, நான்தான் ஒட்ட மறந்திருந்தேன், அவங்களே டேப்பும் குடுத்தாங்க. பேட்டரிய ஏன் செக்-இன்ல போடவிட மாட்டாங்கன்னு நிறைய பேர் கேக்காங்க. கீழ சரக்கு அறைல சூடாகி எரிய ஆரம்பிச்சா கை எட்டாது, அங்க இருக்க தீயணைப்பு வாயுவும் லித்தியத்தோட சூட்ட அடக்காது. மேல கேபின்ல இருந்தா ஆள் கண்ணுல படும், தண்ணி ஊத்தி குளிர வைக்கலாம்.

சென்னைல இறங்கி தூத்துக்குடி ஃப்ளைட்டுக்கு உள்நாட்டு கவுண்டருக்குப் போனேன், அங்கதான் வச்சு செஞ்சாங்க. கம்பெனி பேர் வேண்டாம். "சார், ஹோவர்போர்டு நாட் அலவுட்"னு அந்தப் பொண்ணு சொல்ல, இது ஹோவர்போர்டு இல்லம்மா, பேட்டரி தனியா இருக்கு, இந்தா உங்க கம்பெனி மெயிலுன்னு நான் காட்ட, அவங்க சூப்பர்வைசர கூப்பிட, அவர் இன்னொருத்தர கூப்பிட, முக்கால் மணி நேரம் போயிட்டு, என் பின்னாடி நின்ன அண்ணாச்சி ஒருத்தர் "எய்யா, அது என்ன, சப்பரத்துக்கு சக்கரமா?"ன்னு வேற கேக்காரு. கடைசில மெயில படிச்சுப் பாத்த மூணாவது ஆள்தான் டேக் போட்டு விட்டாரு. அந்தப் பொண்ண குறை சொல்ல மாட்டேன், பயிற்சி குடுத்தவங்களத்தான் சொல்லணும்.

தூத்துக்குடி ஏர்போர்ட் இருக்க வாகைக்குளத்துல 2025 ஜூலைல திறந்த புது டெர்மினல் நல்லா விசாலமா இருக்கு. அங்கேருந்து பாளையங்கோட்டை 30 கிலோமீட்டர் சொச்சம், நாலுவழிச் சாலை, பேசிட்டு வர்றதுக்குள்ள வீடு வந்துருது.

ஊர்ல ஓட்டுனேனான்னு கேட்டா, ரோட்டுல இல்ல. பெருமாள்புரத்துல எங்க தெருவுல குழி தோண்டி மூடின தடம், அஞ்சு வீட்டுக்கு ஒரு வேகத்தடை, நாய் தனி. அது போக நம்ம ஊர் சட்டத்துல மோட்டார் 250 வாட்டுக்குக் கீழ, வேகம் 25க்குக் கீழ இருந்தாத்தான் லைசென்ஸ், பதிவு எதுவும் கேக்க மாட்டாங்க, என் போர்டு ரெண்டுலயும் தாண்டும். "மச்சான், இங்கன எவன் கேக்கப் போறான்"னு அத்தை மகன் சொன்னான், கேக்க மாட்டான்தான், ஆனா ஒருத்தர் மேல இடிச்சுட்டா என்ன சொல்லுவேன்? அதனால மொட்டை மாடியிலயே ஓட்டினோம், காலைல ஆறு மணிக்கு, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. பெரியம்மை வத்தல் காயப்போட வந்து ரெண்டு நிமிஷம் பாத்துட்டு, "ஏல, விழுந்து தொலையாதீங்க"ன்னுட்டு கீழ போயிட்டா.

கிளம்புறதுக்கு முந்தின நாள் பேட்டரிய பாதிக்கும் கீழ இறக்கணும், முழு சார்ஜ்ல கொண்டுபோறது அவ்வளவு நல்லதில்ல. பேரன்கிட்ட சொன்னதும் அவனும் கூட்டாளிகளும் அரை மணி நேரத்துல இறக்கிட்டாங்க.

திரும்புகாலுல வாகைக்குளத்துல நான் ரெடியா மெயிலோட நிக்கேன், அந்த செக்யூரிட்டி தம்பி பேட்டரிய கைல வாங்கி, லேபிள படிச்சு, போன்ல 36ஐ 2.5ஆல பெருக்கி, "தொண்ணூறு, சரி சார்"ன்னுட்டான். ரெண்டு நிமிஷம். மெயில மடிச்ச மடிப்பே பிரிக்கல. ஆனா பைய சும்மா விடல, உள்ள இருந்த அல்வா பொட்டலத்த ஸ்கேன்ல கட்டியா பாத்துட்டு, அத வெளிய எடுக்கச் சொல்லி மூணு வாட்டி திருப்பித் திருப்பிப் பாத்தான்.

வீட்டுக்கு வந்து சார்ஜ் போடலாம்னு தேடுனா சார்ஜர் இல்ல. மாடிப்படி ஓரத்துல, வத்தல் டப்பா பக்கத்துல கிடக்காம். அதுல பேட்டரி இல்லியே, பார்சல்ல போட்டு விடுதேன்னு அத்தை மகன் சொல்லிட்டிருக்கான்.