பேஸ்மென்ட்டில் எக்ஸாஸ்ட் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்கும் முன்

பழைய நாற்காலி, அலமாரி எல்லாம் வாங்கிச் சுரண்டி, புதிதாக பாலிஷ் போடுவது எனக்குப் பல வருடப் பழக்கம். வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ட்டில்தான் பட்டறை. தின்னர் நெடி மாடிவரை ஏறுகிறது என்று மனைவி சொன்னதும், காற்றோட்டம் அமைத்துத் தருபவர் ஒருவரைக் கூப்பிட்டேன். அதில் நான் பட்டதை வேறு யாரும் படக்கூடாது.

வந்தவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். டேப் எடுத்து அளக்கவில்லை. என்னென்ன ரசாயனம் வைத்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எட்டு அங்குல ஃபேன் ஒன்று போதும் சார், நெடியே இருக்காது" என்றார். இரண்டே நாளில் வேலை முடிந்தது. ஃபேனை ஓடவிட்டு, ஒரு டிஷ்யூ பேப்பரை கிரில் பக்கம் கொண்டுபோனார். சட்டென்று ஒட்டிக்கொண்டது. "என்ன இழுவை பாருங்க!" நானும் திருப்தியாக முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

அந்த டிஷ்யூவில்தான் ஏமாந்தேன். காகிதம் ஒட்டினால் கிரில் வாயில் இழுவை இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். உறிஞ்சும் வாயிலிருந்து அதன் விட்டம் அளவுக்குத் தள்ளிப் போனாலே காற்றின் வேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். எட்டு அங்குல வாய்க்கு எட்டு அங்குலத் தூரத்திலேயே இந்தக் கதி. என் மேசை இருப்பது பத்து அடி தள்ளி.

அடுத்த வாரமே தலைவலி, கண் எரிச்சல். பாலிஷ் டப்பாக்களை மூடி வெளியே வைத்துவிட்டு, நெடியெல்லாம் போனபிறகு மேசைமேல் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தினேன். ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. புகை நேராக மேலே எழுந்து, நிதானமாக மாடிப்படி பக்கம் நகர்ந்தது. ஃபேன் பக்கம் ஒரு இழைகூடப் போகவில்லை. இத்தனைக்கும் புகையாவது மேலே எழும். தின்னரில் இருக்கும் டொலுயின், சைலீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். திறந்த டப்பாவிலிருந்து வழிந்து தரையோடு படரும். இவர் ஃபேனை மாட்டியதோ கூரையை ஒட்டி.

பொய்க்கூரையின் ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தேன். காற்றை வெளியே கொண்டுபோகும் குழாய், அதாவது டக்ட், 25 அடிக்குச் சுருள் வகை, நடுவில் தொய்ந்து தொங்குகிறது, நான்கு இடத்தில் மடிப்பு. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் கொள்ளளவு பெரும்பாலும் டக்ட் எதுவும் மாட்டாமல் அளந்தது. இந்தக் குழாயில் அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. காற்று உள்ளே வர அவர் வழியே விடவில்லை. என் அறை 20க்கு 15, உயரம் 8 அடி. 2,400 கன அடி. மணிக்குப் பத்து முறை காற்று மாறவேண்டுமென்றால் நிமிடத்துக்கு 400 கன அடி வெளியே போகவேண்டும், அதே அளவு உள்ளே வரவும் வேண்டும். வழி இல்லாவிட்டால் ஃபேன் எங்கிருந்தாவது பிடித்து இழுக்கும். எங்கள் வீட்டில் அது அதே அறையில் இருக்கும் கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகைக்குழாய் வழியாக இழுத்தது.

ஒரு நாள் மாலை கதவைச் சாத்திக்கொண்டு மேசையில் வேலையாக இருந்தேன். மேலே யாரோ குளிக்கிறார்கள், ஹீட்டர் எரிகிறது. மாடிப்படி அருகே மாட்டியிருந்த கார்பன் மோனாக்சைடு (கேஸ் எரியும் புகையில் வரக்கூடிய விஷவாயு) அலாரம் அலறியது. எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. மனைவி கத்தியதில்தான் வெளியே ஓடிவந்தேன். மறுநாள் ஹீட்டர் சரிபார்க்க வந்தவர், அதன் தலைப்பகுதியில் புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் ஊதுபத்தியைப் பிடித்துக் காட்டினார். ஃபேன் நின்றால் புகை குழாய்க்குள் போகிறது. ஃபேன் ஓடினால் அறைக்குள் திரும்புகிறது. கை நடுங்க அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று அலாரம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்?

அவர் இன்னொன்றும் சொன்னார். டொலுயின் ஆவி காற்றில் ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டினாலே தீப்பிடிக்கும். தீ எரியும் ஹீட்டர் இருக்கும் அறையில் தின்னரைத் திறக்கவே கூடாது. ஆவி போகும் பாதையிலேயே சாதாரண மோட்டாரை வைத்ததும் தப்பு, அதன் பொறி போதும். இதெல்லாம் ஃபேன் மாட்டியவர் முதல் நாளே சொல்லியிருக்கவேண்டியது.

அவருக்குப் போன் செய்தால், "ஃபேன் ஓடுதில்ல சார், என் வேலை முடிஞ்சது" என்கிறார். அலாரம் அடிப்பதற்கு முன்பு, நெடி போகவில்லை என்று சொன்னபோது ஏர் ப்யூரிஃபையர் ஒன்றையும் என் தலையில் கட்டியிருந்தார். அதில் ஹெப்பா ஃபில்டர் மட்டும்தான். தூசியைப் பிடிக்கும், தின்னர் ஆவியைப் பிடிக்காது. அதற்குப் போதிய அளவு ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும், அதையும் நிறைந்ததும் மாற்றவேண்டும்.

ஆகவே யாரைக் கூப்பிட்டாலும் வேலை தொடங்குமுன் கேளுங்கள். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே எங்கிருந்து வரும்? டக்ட் எத்தனை அடி, எத்தனை வளைவு? வெளி முனை எந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்? வீட்டில் கேஸ் ஹீட்டர் இருந்தால், ஃபேன் ஓடும்போது அதைச் சோதித்துக் காட்டுவீர்களா? பதில் எழுத்தில் வரட்டும். மேசையில் வைத்த ஊதுபத்திப் புகை ஃபேனுக்குப் போவதைக் கண்ணால் பார்த்தபிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

அந்த ஃபேனைக் கழற்றிவிட்டேன். தின்னர் வேலை முழுக்க வீட்டுக்கு வெளியே திறந்த கொட்டகைக்குப் போய்விட்டது. பேஸ்மென்ட்டில் இப்போது அறுப்பதும் இழைப்பதும் மட்டும்தான். பணத்தைக் கேட்டு மூன்று முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை.