குயின் மேரி, லாங் பீச்: படைக்கப்பலைத் தேடிப் போகிறவர்களுக்கு

கலிபோர்னியாவின் லாங் பீச்சில் கரையோரம் நிரந்தரமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் குயின் மேரி என்ற பழைய பயணிகள் கப்பல் இப்போது ஓட்டலாகவும் அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. 1930களின் ஆடம்பரக் கப்பலைப் பார்க்க வேண்டுமென்றால் இதற்கு ஈடு கிடையாது. இரண்டாம் உலகப்போரில் வீரர்களை ஏற்றிச் சென்ற படைக்கப்பலாக இதைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அது தானாகக் கண்ணில் படாது. எங்கே நின்று எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு ஏற வேண்டும்.

போர்த்தடயங்கள் இரண்டு கட்டங்களில் போயின. 1946 செப்டம்பரில் தொடங்கிய சீரமைப்பில் வீரர்களின் படுக்கைச் சட்டங்களைப் பிடுங்கிவிட்டு, கிடங்கில் இருந்த அறைப்பொருட்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1947 ஜூலை 31 அன்று கப்பல் மறுபடி பயணிகளை ஏற்றியது. 1967 டிசம்பரில் லாங் பீச் வந்த பிறகு, ஓட்டலாக மாற்றும் வேலையில் 'யாரோ' (Yarrow) வகையைச் சேர்ந்த 24 கொதிகலன்களும் முன் எஞ்சின் அறையும் போய்விட்டன. கொதிகலன்களை வெளியே எடுக்கப் புகைபோக்கிகளைக் கழற்றியபோது இன்னொன்று தெரிந்தது: முப்பது ஆண்டுகளாக அடித்த பெயின்ட்தான் அவற்றைத் தாங்கிப் பிடித்திருந்தது. இன்று நிற்கும் மூன்றும் புதியவை.

ஆகவே பின் எஞ்சின் அறையிலிருந்து தொடங்குங்கள். நான்கு டர்பைன் தொகுதிகளில் ஒவ்வொன்றும் 40,000 குதிரைத்திறன். அவற்றில் இரண்டு இங்கே இருக்கின்றன. படிகள் செங்குத்தானவை, பிடிமானமுள்ள செருப்பு அவசியம். சொகுசுப் பயணத்துக்காகக் கட்டிய இந்தச் சக்திதான் போரில் உயிர்காத்தது. கப்பல் 28.5 நாட் (மணிக்கு 28.5 கடல்மைல்) வேகத்தில் ஓடும். ஜெர்மனியின் வழக்கமான நீர்மூழ்கி நீரின் மேலேயே சுமார் 17 நாட்தான், மூழ்கினால் அதில் பாதிகூட இல்லை. அதனால் பெருங்கடலின் நடுவில் காவல்கப்பல் இல்லாமலேயே, வளைந்து வளைந்து தனியாக ஓட விட்டார்கள். அருகில் நீருக்குள் ஒரு புரொப்பெல்லர் தெரியும் பெட்டி இருக்கிறது, தவறவிட வேண்டாம்.

அந்த வளைவு ஓட்டமே 1942 அக்டோபர் 2 அன்று எமனானது. அயர்லாந்துக்கு வடக்கே, துணைக்கு வந்த குராசோவா என்ற பழைய போர்க்கப்பலை குயின் மேரி இரண்டாகப் பிளந்தது. காவல்கப்பலின் உச்சவேகம் சுமார் 25 நாட், நேர்கோட்டில் போனது. காக்கப்பட வேண்டிய கப்பலோ அதைவிட வேகமாக வளைந்து வந்தது. மற்றவர் விலகுவார் என்று இரு தரப்பும் நினைத்தன. 330க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தனர். நீர்மூழ்கி அபாயத்தால் நிற்கக் கூடாது என்பது உத்தரவு. குயின் மேரி நிற்கவில்லை. உடைந்த அணியத்தைச் (கப்பலின் முன்முனையை) சிமென்ட் கலவையால் அடைத்து பாஸ்டன் வரை ஓட்டிப் போய்த்தான் சரிசெய்தார்கள். கரையிலிருந்து அந்த அணியத்தைப் பார்த்தால் 80,000 டன் என்பது என்னவென்று புரியும்.

அடுத்து கிராண்ட் சலூன். முதல் வகுப்பு உணவுக்கூடமாக இருந்த இடம். அட்லாண்டிக் வரைபடமும் அதில் நகரும் படிகக் கப்பலும் எல்லாருடைய கேமராவிலும் ஏறும். போரில் இதே கூடம் சிப்பாய்களின் சாப்பாட்டுக்கூடம்: நாளுக்கு இரண்டே வேளை, பந்தி பந்தியாக. 1943 ஜூலையில் நியூயார்க்கிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் போன பயணத்தில் 15,740 வீரர்களும் 943 ஊழியர்களுமாக 16,683 பேர். கட்டும்போது நினைத்தது சுமார் 2,100 பயணிகளை. கோடையில் மட்டும்தான் இப்படி முடிந்தது, ஏனென்றால் ஒரு பகுதியினர் முறைவைத்துத் திறந்த தளத்தில் தூங்க வேண்டும். மற்றவர்களுக்கு இரும்புக் குழாயில் கட்டிய கேன்வாஸ் படுக்கை, ஆறு அடுக்கு வரை. வற்றவைத்த நீச்சல் குளத்திலும் அதேதான்.

நடைபாதைகளில் நடக்கும்போது தரை இரு முனைகளிலும் மேல்நோக்கி வளைவதைக் கவனியுங்கள். போரில் இந்த 310 மீட்டர் நீளத்தை சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்றாகப் பிரித்து, வீரர்களின் சட்டையில் அதே நிறச் சின்னம் குத்தி, எல்லை தாண்ட விடாமல் வைத்தார்கள். நெரிசல் ஒரு காரணம், ஒரே பக்கம் கூட்டம் சேர்ந்தால் வரும் சாய்வு இன்னொன்று. 36 மீட்டர் அகலக் கப்பல் ஒரு டிகிரி சாய்ந்தாலே தாழும் பக்கம் ஏறக்குறைய ஓரடி கீழிறங்கும். ஆழம் குறைந்த துறைமுக வாயிலில் அது தரைதட்டப் போதும்.

உயிர்காப்புப் படகுகளைத் தேட வேண்டாம். தொங்கும் எடை கப்பலின் உடலை வருத்தியதால் பெரும்பாலானவற்றை இறக்கிவிட்டார்கள். முதலில் இருந்தவை மொத்தம் 24, ஒவ்வொன்றிலும் 145 பேர். 16,683க்கு எதிரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மீதிப் பேருக்கு மிதவைகள்.

பேய்ச் சுற்றுலாக்களும் நடக்கின்றன. நீச்சல் குளம் பக்கம் போவதற்கு ஒரு வழி என்ற அளவில் சரி. சாம்பல் நிறம் பூசி விரைந்ததால் போர்க்காலத்தில் கிடைத்த 'சாம்பல் பேய்' என்ற பெயர், இந்தக் கதைகள் எதையும்விட மேல்.

இரவு தங்குவதானால் வெளிப்பக்க அறையைக் கேளுங்கள். உள்பக்க அறைக்கு போர்ட்ஹோல் (கப்பலின் வட்ட ஜன்னல்) கிடையாது. பால்கனி எதிலும் கிடையாது. பழைய குளியல் தொட்டிகளில் நன்னீருக்கும் கடல்நீருக்கும் வெந்நீர், தண்ணீர் என நான்கு குழாய்கள் இருந்தன. இன்னும் அவை தெரியும் இடத்தில் கடல்நீர்க் குழாயைத் திருகிப் பயனில்லை.