கரண்ட் போய் டிபிகேஜி பதிவேடு கெட்டபோது: லினக்ஸ் மின்ட்டோடு நெடுநாள் அனுபவம்

மதுரை ஒத்தக்கடையில் டைப்பிங், ஜெராக்ஸ், ஸ்கேன் என்று ஓடும் சின்னக் கடை எங்களுடையது. கடை டெஸ்க்டாப்பில், விண்டோஸ் போல கம்ப்யூட்டரை ஓட்டும் இலவச சிஸ்டமான லினக்ஸ் மின்ட்டின் 21-ஆம் பதிப்பை 2022-இல் ஏற்றினேன். அப்டேட் மேனேஜர் வழியாகவே 21.3 வரை வந்தாயிற்று. தமிழ்99 விசைப்பலகையில் மனு அடிக்க ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி, லிப்ரே ஆஃபீஸ், ஒரு ஸ்கேனர், ஒரு லேசர் பிரிண்டர், இவ்வளவுதான் எங்கள் பிழைப்புக்கு வேண்டியது. அதில் ஒரு குறையும் இல்லை. வேகம், தோற்றம் பற்றியெல்லாம் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன். பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள்களை, ஏற்றி நீக்கும் பேக்கேஜ் மேனேஜரான டிபிகேஜியின் பதிவேடு கெட்டுப்போய், ஃபார்மட் போடாமல் அதைச் சரிசெய்த விவரத்தைத்தான் எழுதப் போகிறேன். இந்த சிஸ்டத்தை இன்னும் மாற்றாமல் வைத்திருப்பதற்குப் பெரிய காரணம் அதுதான்.

மே மாதம். கோடை மழைக்கு முன்னால் யானைமலைப் பக்கமிருந்து புழுதியோடு காற்று கிளம்பினால் அடுத்து கரண்ட் போகும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு அப்டேட் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது போனது. கடையில் இன்வெர்ட்டர் உண்டு. லைட்டும் ஃபேனும் அசையவே இல்லை, கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து மறுபடி எழுந்தது. வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதைச் சாதாரண நிலையில் வைத்தால், லைனிலிருந்து பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரத்தை ஃபேன் உணராது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளை தாங்காது. யுபிஎஸ் நிலையில் வைத்தால் மாற்றம் வேகமாக நடந்துவிடும். மாட்டிக்கொடுத்தவர் சாதாரண நிலையிலேயே விட்டுப் போயிருந்தார்.

கம்ப்யூட்டர் வழக்கம்போல பூட் ஆனது. லிப்ரே ஆஃபீஸ் திறந்தது, பிரிண்ட் வந்தது, காத்திருந்த மனுக்களை முடித்துக் கொடுத்தேன். மறுபடி அப்டேட் கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பேக்கேஜ் பட்டியலையோ ஸ்டேட்டஸ் ஃபைலையோ படிக்க முடியவில்லை என்று, பேக்கேஜ்களை இணையத்திலிருந்து இறக்கி டிபிகேஜியிடம் கொடுக்கும் ஆப்ட் நின்றுவிட்டது. கட்டளை அடிக்கும் டெர்மினலில் டிபிகேஜியைக் கேட்டால், ஸ்டேட்டஸ் ஃபைலில் இன்ன வரிக்குப் பக்கத்தில் பிழை என்று வரி எண்ணோடு சொன்னது. கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் தம்பி போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ஒரேயடியா ஃபார்மட் போட்டுருவோம்ணே, அரை மணி நேர வேலை." மின்ட் அரை மணி நேரத்தில் ஏறிவிடும், உண்மைதான். அப்புறம் பிரிண்டர் டிரைவர், ஸ்கேனர், பழைய பாமினி ஃபைல்களைத் திறக்க வைத்திருக்கும் எழுத்துருக்கள், ஐபஸ் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தால் ஒரு நாள் வருமானம் போய்விடும்.

பத்திரம் டைப் அடிப்பவனுக்கு இந்தப் பிழை சுலபமாகப் புரியும். ரிஜிஸ்டர் ஆபீஸ் புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிந்தால் வீடு இடிந்துவிடுவதில்லை. விற்கவோ வாங்கவோ முடியாது, அவ்வளவுதான். டிபிகேஜியின் பதிவேடு கெட்டாலும் நிறுவியிருக்கும் மென்பொருள் எல்லாம் அதனதன் இடத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். புதிதாக எதையும் ஏற்றவோ நீக்கவோ முடியாது. எனவே அவசரம் இல்லை. கடை நேரத்தில் வேலையைப் பார்த்துவிட்டு ஷட்டரை இறக்கிய பிறகு உட்கார்ந்தேன்.

வார் (/var) என்ற ஃபோல்டர், அதற்குள் லிப், அதற்குள் டிபிகேஜி என்று போனால் எல்லாம் அங்கே இருக்கிறது. ஸ்டேட்டஸ் என்ற ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு பத்தி: பெயர், பதிப்பு, எதெதைச் சார்ந்திருக்கிறது, முழுதாக நிறுவியாயிற்றா, பாதியில் நிற்கிறதா. பத்திக்கும் பத்திக்கும் நடுவே ஒரு வெற்று வரி. பக்கத்திலேயே ஸ்டேட்டஸ்-ஓல்ட் என்று முந்தைய பிரதி. இன்ஃபோ ஃபோல்டரில், ஒவ்வொரு பேக்கேஜும் எந்தெந்த ஃபைல்களைக் கொண்டுவந்து வைத்தது என்ற பட்டியலும், நிறுவும்போதும் நீக்கும்போதும் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட்களும் இருக்கும். இதெல்லாம் டிபிகேஜியின் சொத்து. ஆப்ட் இறக்கி வைக்கும் லிஸ்ட்ஸ் ஃபோல்டர் வேறு. சர்வரில் என்னென்ன கிடைக்கிறது என்பதன் நகல்தான் அது. கெட்டால் உள்ளே இருப்பதை அழித்துவிட்டு அப்டேட் கொடுத்தால் புதிதாக வந்துவிடும். மின்ட்டின் சாஃப்ட்வேர் சோர்ஸஸ் ஜன்னலில், பராமரிப்புப் பகுதியில் மெர்ஜ்லிஸ்ட் என்ற இந்தப் பட்டியல் சிக்கலுக்கென்று ஒரு பட்டனே உண்டு. பிழை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரித்துப் பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும். வந்திருந்தது டிபிகேஜி பக்கத்துப் பிழை. அதற்கு அந்த பட்டன் உதவாது.

எதிலும் கை வைப்பதற்கு முன்னால் அந்த டிபிகேஜி ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்தேன். கெட்டதுக்கும் நகல் வேண்டும். சரிசெய்யப் போய் இன்னும் கெடுத்தால் இந்த இடத்துக்காவது திரும்பி வரலாம். டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பிறகு மின்ட் பென்டிரைவில் பூட் செய்து, டிஸ்கை மவுன்ட் செய்யாமல் (சிஸ்டத்தோடு இணைக்காமல்), டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் அமைப்பான ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே ஓட்டினேன். ஃபைல் சிஸ்டம் தள்ளாடும்போது அதன் மேல் இருக்கும் பதிவேட்டைத் திருத்தி என்ன பயன்? சில்லறைத் திருத்தங்களோடு முடிந்தது. டிஸ்க் தன் நலத்தைத் தானே சொல்லும் ஸ்மார்ட் விவரங்களில், கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கிய செக்டார்கள் 0 என்று இருந்தது.

ஸ்டேட்டஸ் ஃபைலை நானோ என்ற எடிட்டரில் திறந்து, பிழை என்று சொன்ன வரிக்குப் போனால், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்ய பைட்கள் வரிசையாக நின்றன. இது சாதாரணமாக நடக்கக் கூடாத விஷயம். டிபிகேஜி இந்த ஃபைலுக்குள்ளேயே கிறுக்குவதில்லை. புதுப் பிரதியைத் தனியாக எழுதி, அது டிஸ்கில் இறங்கியதை உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகுதான் பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்கிறது. எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் வந்த புதிதில் கரண்ட் போனால் ஃபைல்கள் வெறுமையாகிவிடும் தொல்லை இருந்ததால், 2010 வாக்கில் இதை இன்னும் இறுக்கினார்கள். அதையும் மீறி இப்படி ஆனால் சந்தேகப்பட வேண்டியது டிஸ்கைத்தான். மலிவு எஸ்எஸ்டிகளில், கரண்ட் போகும் நொடியில் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) இருப்பதை எழுதி முடிக்கிற அளவுக்கு மின்சாரம் பிடித்து வைக்கும் கெபாசிட்டர்கள் இருக்காது. எழுதியாயிற்று என்று சொல்லிவிட்டு எழுதாமல் இருப்பவையும் உண்டு. கடையில் இருந்ததும் விலையைப் பார்த்து வாங்கிய எஸ்எஸ்டிதான்.

ஸ்டேட்டஸ்-ஓல்டுக்கும் அதே கதி. ஆனால் வார் ஃபோல்டருக்குள் பேக்கப்ஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. மின்ட் போல, டெபியன் என்ற லினக்ஸின் வழி வந்த சிஸ்டங்கள் தினமும் ஸ்டேட்டஸ் ஃபைலைப் பார்த்து, மாறியிருந்தால் ஒரு பிரதியை யாரும் கேட்காமலே அங்கே போட்டு வைக்கின்றன. புதியது 0 என்ற எண்ணோடு அப்படியே இருக்கும். பழையவை 1, 2 என்று ஜிஜிப்பில் சுருங்கி 6 வரை போகும். டெபியன்காரர்கள் செய்த காரியங்களிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான். விளம்பரம் கிடையாது, அமைக்க வேண்டியதும் கிடையாது, வேண்டியபோது இருக்கிறது. 0-ஐத் திறந்து கடைசி வரி வரை ஒழுங்காக இருப்பதைப் பார்த்துவிட்டு, ஸ்டேட்டஸ் என்ற பெயரில் அதன் இடத்தில் வைத்தேன். டிபிகேஜி மறுபடி பேச ஆரம்பித்தது.

சரி, இதோடு முடியவில்லை. பழைய பதிவேட்டை வைத்தால் பதிவேட்டில் பழைய பதிப்பு இருக்கும், டிஸ்கில் பாதி புதிய பதிப்பு இருக்கும். வார் ஃபோல்டரின் லாக் பகுதியில் இருக்கும் டிபிகேஜி லாக், எந்த நிமிடத்தில் எந்தப் பேக்கேஜைத் தொட்டது என்று வரி வரியாக எழுதி வைத்திருக்கிறது. அதிலிருந்து அன்றைக்குத் தொட்டவற்றின் பட்டியலை எடுத்துக்கொண்டேன். ஆப்ட் கேஷைக் காலி செய்துவிட்டு அதே அப்டேட்டை மறுபடி ஓட்டினால், புதியது மேலேயே வந்து உட்கார்ந்து இரண்டும் ஒத்துப்போய்விடும். ஓட்டியபோது அடுத்த பிழை: இன்ன பேக்கேஜின் ஃபைல் பட்டியலில் கடைசி வரி முறிவு இல்லை என்று வரிசையாக வந்தது. அந்தப் பட்டியல்களும் பூஜ்யமாகிப் போனவை. ஐபஸின் எம்17என் பேக்கேஜும் அதில் ஒன்று. அது போனால் தமிழ்99 போய்விடும். பிழை சொல்லும் பட்டியல் ஃபைலை மட்டும் இன்ஃபோ ஃபோல்டரிலிருந்து நகர்த்திவிட்டு, அந்தப் பேக்கேஜை ரீஇன்ஸ்டால் செய்தால் பட்டியல் புதிதாக எழுதப்படும். பொறுமை வேண்டிய வேலை, கஷ்டமான வேலை இல்லை.

சிக்க வைத்தது பிரிண்டர் டிரைவர் ஒன்றுதான். அது மின்ட்டின் களஞ்சியத்தில் இல்லாதது, தனியாக டெப் ஃபைலாக (டெபியன் வகை நிறுவல் ஃபைல்) இறக்கிப் போட்டது. அதன் பட்டியலும் அடி வாங்கியிருந்தது. டவுன்லோடு செய்ய முடியாததால் ரீஇன்ஸ்டால் முடியாது என்று ஆப்ட் கை விரித்தது. பழைய டெப் ஃபைல் டவுன்லோட்ஸில் கிடந்ததால் பிழைத்தேன். வெளியிலிருந்து போடும் டெப் எதையும் அழிக்காமல் ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, பாதியில் நிற்பவற்றை முடிக்கச் சொல்லும் டிபிகேஜி கான்ஃபிகர் கட்டளை, உடைந்த சார்புகளைச் சரிசெய்யும் ஆப்டின் ஃபிக்ஸ்-புரோக்கன். இந்த இரண்டாவது எதையாவது நீக்கப் போகிறேன் என்று பட்டியல் காட்டினால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்க வேண்டும். அதில் மின்ட்டின் முகப்பான சின்னமன் டெஸ்க்டாப்பின் பெயர் இருக்கும்போது சம்மதம் என்று ஒய் அழுத்தினால் அடுத்த முறை பூட் ஆகும்போது கறுப்புத் திரைதான். எல்லாம் முடிந்தபின் டெப்சம்ஸ் ஏற்றி ஓட்டினேன். அது நிறுவிய ஃபைல்களை எம்டி5 என்ற சரிபார்ப்பு எண்களோடு ஒப்பிட்டு மாறியிருப்பதைச் சொல்லும்.

இந்த வேலைக்கு ஆலோசனை தேடினால் இன்ஃபோ ஃபோல்டர் முழுவதையும் அழித்துவிடு என்று சொல்பவர்கள் கிடைப்பார்கள். செய்யாதீர்கள். பிழைச் செய்தி நின்றுவிடும், ஆனால் எந்த ஃபைல் யாருடையது என்ற கணக்கும் நீக்கும்போது ஓட வேண்டிய ஸ்கிரிப்ட்களும் ஒட்டுமொத்தமாகப் போய்விடும். ஒரே நேரத்தில் இரண்டு அப்டேட் ஓடாமல் தடுக்கும் பூட்டு (lock) ஃபைலை அழிக்கச் சொல்வதும் இதே ரகம். பின்னணியில் வேறொரு அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அழித்தால் பதிவேட்டைக் கெடுக்க கரண்ட் போக வேண்டியதே இல்லை.

டெபியன் வழி வராத ஃபெடோரா லினக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு டிபிகேஜிக்குப் பதில் ஆர்பிஎம். அதன் பதிவேடு முன்பு பெர்க்லி டிபி என்ற டேட்டாபேஸில் இருந்தது, 2020-இல் ஃபெடோரா 33-இலிருந்து எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ். அங்கே மறுகட்டமைப்புக்கு ஒரே கட்டளை இருக்கிறது, வசதிதான். நானோவில் திறந்து கண்ணால் பார்க்க முடியாது. எனக்கு டெக்ஸ்ட் ஃபைலே போதும். இன்னொரு லாபம், இந்த வைத்தியம் டெபியன் குடும்பம் முழுவதுக்கும் பொருந்தும். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பாஸ் லினக்ஸும் இந்தக் குடும்பம்தான்.

அதற்கப்புறம் இன்வெர்ட்டர் சுவிட்ச் யுபிஎஸ் நிலைக்குப் போனது. கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஒரு சின்ன யுபிஎஸும் வைத்தேன், ஆனால் அதில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு மதுரை வெயில் ஆகாது. ஷீட் கூரைக் கடையில் வைத்தால் சீக்கிரமே உப்பிவிடும், மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியை மாற்றியாயிற்று. மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட் இப்போது வெளி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுக்கிறது. சிஸ்டம் ஃபைல்களும் டிபிகேஜி பதிவேடும் ஒரே நேரத்துப் பிரதியாகத் திரும்பி வருவதால், மேலே சொன்ன ஒத்துப்போகாத சிக்கல் அதில் வராது. ஹோம் ஃபோல்டரை அது வழக்கமாகத் தொடாது, மனுக்களுக்குத் தனி பேக்கப் வேண்டும்.

21 வரிசைக்கு 2027 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு என்பதால் 22-க்கு ஓட வேண்டிய அவசரம் இல்லை. மனு வேலை குறையும் ஹைகோர்ட் மதுரைக் கிளையின் மே விடுமுறை நீளமானதுதான், ஆனால் அது கரண்ட் போகும் மாதம், கிறிஸ்துமஸ் விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அந்த பிரிண்டர் டெப் 22-இல் ஏறுமா என்று லைவ் பென்டிரைவில் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.