"மேடத்துக்கு எதற்கு சார் இதெல்லாம்?" என்று கேட்ட கடன் முகவர்

கணவன் மனைவி சேர்ந்து கடன் எடுக்கும் யோசனையில் இருந்தால், கையெழுத்துக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் மாட்டியது இரண்டு முறை. இரண்டு முறையும் ஒரே வழியில்.

எனக்கு வேலை போகவில்லை. வேலை நேரத்தைக் குறைத்தார்கள், சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போனது. வேலையே போயிருந்தால் அன்றைக்கே வீட்டில் சொல்லியிருப்பேன். மூன்றில் ஒரு பங்குதானே, சமாளித்துவிடலாம் என்று வாயைத் திறக்கவில்லை. ஐந்து மாதம் கிரெடிட் கார்டில் குடும்பம் ஓடியது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினேன். அப்படிக் கட்டினால் பாக்கி பெரிதாக அசையாது, வட்டிதான் வளரும்.

அந்த நேரத்தில்தான் அந்த முகவர் போன் செய்தார். கார்டு பாக்கி மொத்தத்தையும் அடைத்து ஒரே கடனாக மாற்றித் தருகிறோம், 12 சதவீதம்தான், 36 தவணை. கார்டு வட்டியோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லையே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அது ஃபிளாட் ரேட், அதாவது பாக்கி குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போடும் முறை என்று அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

கணக்கைப் பாருங்கள். 100 கடன் என்றால் ஆண்டுக்கு 12 வீதம் மூன்று ஆண்டு வட்டி 36. மொத்தம் 136ஐ 36 ஆல் வகுத்தால் மாதம் 3.78. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசலும் குறைந்துகொண்டே வருகிறது அல்லவா? கடைசி மாதம் அசலில் மூன்றுக்கும் குறைவாகத்தான் பாக்கி, அப்போதும் 100க்கான வட்டியைத்தான் வாங்குகிறார்கள். குறையும் பாக்கி மேல் கணக்கிட்டால் இது 21 சதவீதத்துக்கு மேல். அதோடு விட்டார்களா? பிராசசிங் கட்டணம், காப்பீடு என்று 6ஐப் பிடித்துக்கொண்டு 94தான் கையில் கொடுத்தார்கள், தவணை மட்டும் 100க்கு. இப்போது அது ஏறத்தாழ 26 சதவீதம்.

ஆனால் நான் எச்சரிக்க வந்தது வட்டியைப் பற்றி மட்டும் இல்லை.

அந்த ஆள் எங்களிடம் தனித்தனியாகப் பேசினார். என்னிடம், "மேடத்துக்கு எதற்கு சார் இதெல்லாம்? கணக்கைக் காட்டினால் பயந்துவிடுவார்கள்." மனைவியிடம், "இது வெறும் சாட்சிக் கையெழுத்து மேடம், உங்களுக்கு ஒரு பொறுப்பும் வராமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." எட்டு இடத்தில் அவள் கையெழுத்து. அதில் ஒன்று இணைக் கடனாளி என்ற இடத்தில். கடன் கட்டாமல் போனால் முழுத் தொகையையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். பாதிப் பாதி இல்லை.

இது அவளுக்குத் தெரிந்தது நான் இரண்டு தவணை தவறிய பிறகு, அவள் அலுவலகத்துக்கு வந்த போனில். அன்று இரவு அவள் வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எத்தனை மாசமா என்கிட்ட நடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்ல விரல் விட்டு எண்ண வேண்டியிருந்தது.

அப்புறம் வீட்டில் பேச்சே இல்லை. அந்த மௌனத்தில் நான் இரண்டாவது குழியில் விழுந்தேன். கடனைப் பாதியாகக் குறைத்துத் தருவதாக ஒரு 'கடன் தீர்வு' ஆலோசகர். மூன்று தவணைக்குச் சமமான பணம் முன்கூட்டியே வேண்டும். தவணையை நிறுத்துங்கள், கடன் கொடுத்தவர்கள் போன் செய்தால் எடுக்காதீர்கள், எல்லாம் நாங்கள் பேசிக்கொள்கிறோம், வீட்டில் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். முகவர் சொன்ன அதே வசனம்! அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான்கு மாதத்தில் அபராத வட்டி ஏறியது, கிரெடிட் ஸ்கோர் விழுந்தது, ஆலோசகரின் எண் அணைந்துபோனது.

மனைவியின் தோழி ஓர் ஆய்வைப் பற்றி அனுப்பினார். 2013இல் சயின்ஸ் இதழில் வந்தது, தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் செய்தது. அறுவடைக்கு முன் கை வறண்டிருந்தபோதும், அறுவடைப் பணம் வந்த பிறகும் அதே ஆட்களுக்கு ஒரே மாதிரிச் சோதனை வைத்திருக்கிறார்கள். பணமுடையில் யோசிக்கும் திறன் நன்றாகவே குறைந்திருந்தது. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. சரி, பாதி சாக்குதான்.

பிரிந்துவிடலாம் என்று அவள் ஒரு வழக்கறிஞரைப் பார்த்ததும் நடந்தது. பிரிந்தாலும் அந்தக் கையெழுத்து பிரியாது என்றார் அவர். கடனை இவர்தான் கட்ட வேண்டும் என்று நீங்கள் இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், அது உங்கள் இருவருக்குள் மட்டும். கடன் கொடுத்தவர் அதில் கையெழுத்துப் போடாதவரை அவரைக் கட்டுப்படுத்தாது என்றார். எங்களை ஒரே மேசையில் உட்கார வைத்தது காதல் இல்லை, அந்தப் பதில்தான்.

இருவரும் சேர்ந்து நேராக அந்த நிறுவனத்துக்கே போனோம். கடன் கணக்கின் முழு ஸ்டேட்மெண்ட்டையும், முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு என்ற கணக்கையும் எழுத்தில் கேட்டோம். கேட்காமலே சேர்த்த இன்னொரு காப்பீடு அதில் இருந்தது. மனைவிதான் கண்டுபிடித்தாள். எழுத்தில் புகார் கொடுத்த பிறகு அதை நீக்கினார்கள், தவணைக் காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்தார்கள். மொத்த வட்டி கூடும் என்று தெரிந்தேதான் ஒப்புக்கொண்டோம், கட்ட முடிகிற தொகைதான் அப்போது முக்கியம். ஆலோசகரிடம் போன பணம் போனதுதான்.

இன்னும் 14 தவணை இருக்கிறது. எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டால், மாதத்தில் இருபது நாள் சரி.

போன வாரம் வேறொரு முகவர் கூப்பிட்டார், இன்னும் குறைந்த வட்டியாம். மனைவி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள். "சொல்லுங்க, நாங்க ரெண்டு பேரும் கேட்டுட்டிருக்கோம்" என்றாள். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். இதுவரை கூப்பிடவில்லை.