ஆஸ்டினா, மோரிஸா, ஃபோர்டா? பெயர்ப்பலகை தொலைந்த பிரிட்டிஷ் சின்னக் காரை இனம் காண்பது

போருக்கு முந்தைய பிரிட்டிஷ் கார்களில் அதிகம் குழப்புபவை பெரிய கார்கள் அல்ல, 'எட்டுக் குதிரை' என்று விற்ற சின்னக் கார்கள்தான். ஆஸ்டின் செவன், மோரிஸ் மைனர், மோரிஸ் எய்ட், ஃபோர்டு மாடல் ஒய் நான்கும் கிட்டத்தட்ட அந்த ஒரே வகுப்பில் விழுகின்றன. பழைய பதிவுப் புத்தகத்தில் 8 எச்.பி. என்று மட்டும் இருந்தால் அதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது.

காரணம் அன்றைய வரி. சிலிண்டர் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வர்க்கப்படுத்தி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5 ஆல் வகுப்பார்கள். அதுதான் வரிக்கான குதிரைத்திறன். ஒரு குதிரைக்கு ஆண்டுக்கு 1 பவுண்டு, 1935 முதல் 15 ஷில்லிங் (முக்கால் பவுண்டு). ஸ்ட்ரோக்குக்கு, அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை நகரும் தூரத்துக்கு, இந்தக் கணக்கில் இடமே இல்லை. அதனால் எல்லாக் கம்பெனிகளும் போரை (சிலிண்டர் விட்டத்தை) 56, 57 மில்லிமீட்டரில் நிறுத்திவிட்டு ஸ்ட்ரோக்கை இஷ்டப்படி நீட்டின.

முதலில் டேப்பை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். 75 அங்குலம் என்றால் 1931 வரையிலான குட்டைச் சேஸிஸ் (அடிச்சட்டம்) ஆஸ்டின் செவன். 81 என்றால் அதற்குப் பிந்தைய நீளச் சேஸிஸ். 78 என்றால் மோரிஸ் மைனர். 90 வந்தால் மோரிஸ் எய்ட் அல்லது ஃபோர்டு ஒய். இரண்டு பக்க அளவும் அரை அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால் ஆக்ஸில் நகர்ந்திருக்கிறது. பெரும்பாலும் ஸ்பிரிங் பட்டைகளைப் பிடித்திருக்கும் நடு போல்ட் அறுந்திருக்கும். அந்த அளவை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

டேப் மட்டும் போதாது. 90 அங்குலத்தில் இரண்டு கார்கள் இருக்கின்றன. 81 அங்குலத்திலும் ஆஸ்டினோடு டிரையம்ஃப் சூப்பர் செவன் போட்டிக்கு வருகிறது. இங்கேதான் ஸ்பிரிங் உதவும். என் கணிப்பில் இதைவிட நம்பகமான சாட்சி இந்தக் கார்களில் வேறில்லை. பாடியை மாற்றலாம், ரேடியேட்டரை மாற்றலாம், இன்ஜினைக்கூட ஒரு வார இறுதியில் மாற்றிவிடலாம். ஸ்பிரிங் அமைப்பை மாற்ற வேண்டுமென்றால் சேஸிஸையே வெட்டி ஒட்ட வேண்டும்.

டார்ச்சோடு அடியில் படுத்துப் பாருங்கள். ஆஸ்டின் செவனில் முன்பக்கம் ஒரே ஸ்பிரிங்தான், ரேடியேட்டருக்குக் கீழே குறுக்காகக் கிடக்கும். பின்பக்கம் இரண்டு கால்வட்டப் பட்டைகள்: தடித்த முனை சேஸிஸில் இறுகியிருக்கும், மெல்லிய முனை பின்னால் நீண்டு ஆக்ஸிலைப் பிடிக்கும். ஃபோர்டில் முன்னும் பின்னும் குறுக்கு ஸ்பிரிங். மாடல் டி காலத்திலிருந்தே ஹென்றி ஃபோர்டு விடாமல் பிடித்துவந்த வழக்கம் அது. மோரிஸ் மைனரிலும் எய்ட்டிலும் நான்கு மூலையிலும் அரைவட்டப் பட்டைகள், சேஸிஸுக்கு இணையாக, இரண்டு முனையும் சேஸிஸில் மாட்டியிருக்கும். டிரையம்ஃப் சூப்பர் செவனில் முன்னால் அரைவட்டம், பின்னால் கால்வட்டம். அதோடு அதற்கு லாக்ஹீட் ஆயில் பிரேக் உண்டு, ஆஸ்டினுக்கு இல்லை. 90 அங்குலக் கார்களிலும் அதே கதை: மோரிஸ் எய்ட்டுக்கு ஆயில் பிரேக், ஃபோர்டு ஒய்க்குக் கம்பிகளால் இழுக்கும் ராடு பிரேக்.

அடுத்து இன்ஜின். ஒரு சின்னக் காந்தம் போதும். ஆஸ்டின் செவனின் கிராங்க் கேஸ் (இன்ஜினின் கீழ்க்கூடு) அலுமினியம், காந்தம் ஒட்டாது. அதன் மேல் வார்ப்பிரும்பு பிளாக் தனியாக உட்கார்ந்திருக்கும். மோரிஸிலும் ஃபோர்டிலும் ஒட்டும்.

மோரிஸ் மைனரில் 1928 முதல் வந்த ஓவர்ஹெட் கேம் (வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மேலே இருக்கும்) இன்ஜினைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். டைனமோ படுத்திருக்காது, முன்னால் செங்குத்தாக நிற்கும். அதன் தண்டுதான் மேலே கேம் ஷாஃப்ட்டைச் சுற்றுகிறது. சிலிண்டர் ஹெட்டிலிருந்து ஆயில் கசிந்து டைனமோவுக்குள் இறங்குவது இதற்கே உரிய வியாதி. 1931 முதல் சைடு வால்வ் (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும்) மைனரும் விற்பனையில் இருந்தது, அதுவும் 847 சி.சி. தான். ஆகவே மைனரில் சைடு வால்வைக் கண்டதும் இன்ஜின் மாற்றியது என்று சொல்லிவிடக் கூடாது. எம்.ஜி. கம்பெனியின் எம்-டைப் மிட்ஜெட்டும் இதே அடிப்படையில் 78 அங்குலத்தில் வந்த கார். எம்.ஜி. என்று சொல்லி விற்றால் சேஸிஸ் எண் '2எம்' என்று தொடங்குகிறதா என்று பாருங்கள்.

ஹெட்டைக் கழற்றும் வாய்ப்பு கிடைத்தால் போரை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஆஸ்டின் 56, மோரிஸ் 57, ஃபோர்டு 56.6. ஒருமுறை ரீபோர் செய்திருந்தாலே (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியிருந்தாலே) இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். ஸ்ட்ரோக் அப்படி அல்ல. பிஸ்டனை மேல் எல்லையில் நிறுத்தி ஆழமானியால் ஓர் அளவு, கீழ் எல்லையில் இன்னோர் அளவு எடுத்துக் கழியுங்கள். 76.2 வந்தால் ஆஸ்டின் செவன், 83 மோரிஸ் மைனர், 90 மோரிஸ் எய்ட், 92.5 ஃபோர்டு.

ஃபோர்டில் மட்டும் கணக்கு தலைகீழ். பத்துக் குதிரை 1172 சி.சி. இன்ஜினுக்கும் ஸ்ட்ரோக் அதே 92.5. வெளியிலிருந்து பார்க்க எட்டுக் குதிரை 933 சி.சி. போலவே இருக்கும், அதே இடத்தில் உட்காரும். ஆகவே பலர் மாற்றிவிட்டார்கள். இங்கே போர்தான் காட்டிக்கொடுக்கும்: பத்துக்கு 63.5. ரீபோரில் போகக்கூடியது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், ஏழு மில்லிமீட்டர் இடைவெளியை அது மறைக்காது. சிலிண்டரின் மேல் விளிம்பில் பிஸ்டன் ரிங் தொடாத, தேயாத வளையம் ஒன்று இருக்கும், அங்கே அளந்தால் சரியாக வரும்.

மாடல் உறுதியான பிறகுதான் வருடத்துக்கு வர வேண்டும். ஆஸ்டினில் பெட்ரோல் டேங்க் பானெட்டுக்குள் இருந்தால் 1932-க்கு முந்தையது, பின்னால் இருந்தால் பிந்தையது. நான்கு கியரும் அந்த ஆண்டில்தான் வந்தது. ரேடியேட்டரை மூடிப் பாடி நிறத்திலேயே பெயின்ட் அடித்த உறை இருந்தால் 1934 முதல் வந்த ரூபி மாடல் காலத்துக் கார். மோரிஸ் எய்ட்டில் கம்பி வீலும் குரோம் ரேடியேட்டர் உறையும் இருந்தால் முதல் வரிசை. டிஸ்க் வீலும் பெயின்ட் அடித்த உறையும் இருந்தால் சீரிஸ் 2. ஹெட்லைட் மட்கார்டுக்குள் புதைந்திருந்து நான்கு கியரும் இருந்தால் 1938 கடைசியில் வந்த சீரிஸ் ஈ. ஃபோர்டு ஒய்யில் 1933 வரை குட்டை ரேடியேட்டர், பிறகு நெட்டை. நெட்டையில் முன்பம்பர் நடுவே கீழே வளையும்.

நம்பர் பிளேட்டுக்குக் கடைசி இடம்தான். மூன்றெழுத்து எண்கள் பிரிட்டனில் 1932-ல்தான் தொடங்கின, ஆகவே மூன்றெழுத்தோடு '1929 மாடல்' என்றால் ஏதோ இடிக்கிறது. இரண்டெழுத்து என்பதாலேயே பழையது என்றும் நம்ப முடியாது. அசல் எண்ணை இழந்த கார்களுக்கு, அவற்றின் வயதுக்கு ஏற்றபடி, வழங்கப்படாமல் கிடந்த பழைய வரிசைகளிலிருந்து பிற்காலத்தில் எண் கொடுத்திருக்கிறார்கள். எஸ்.வி., எஸ்.யு. என்ற எழுத்துகளைக் கண்டால் இதை நினைவில் வையுங்கள்.

ஸ்போர்ட்ஸ் பாடி போட்ட ஆஸ்டின் செவன் ஒன்றை 'அசல் அல்ஸ்டர்' என்று காட்டினால் மறுபடி டேப்பைத்தான் எடுக்க வேண்டும். 1930 முதல் 1932 வரை வந்த அல்ஸ்டர் 75 அங்குலச் சேஸிஸில் வந்தது. 81 வந்தால் அது பின்னாளில் சலூனை வெட்டிச் செய்தது. 75 வந்தாலும் சேஸிஸ் பக்கச்சட்டங்களில் வெல்டிங் தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், நீளச் சேஸிஸைக் குட்டையாக்கியவையும் இருக்கின்றன.