சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாவல் படிக்கும் வகுப்பு

செவ்வியல் நாவல்களில் பெண்கள் சித்திரிக்கப்பட்ட விதத்தைப் பாடப்பொருளாகக் கொண்ட இந்த இணையவழி வாசிப்பு வகுப்பில் பதிவு செய்யப்பட்ட விரிவுரைகள், ஒரு வாசிப்புக் கையேடு, வார இறுதிக் கலந்துரையாடல் ஆகியவை உள்ளன. எந்த நாயகி துணிச்சலானவள், எவள் அடங்கிப்போனவள் என்று மதிப்பெண் போடும் பழக்கத்தை முதல் விரிவுரையே விலக்கிவிடுகிறது. ஒரு பெண் எடுத்த முடிவை எடைபோடுவதற்கு முன்பு, அவள் வாழ்ந்த நாட்டின் சட்டம் அவளுக்கு எந்த வழிகளைத் திறந்து வைத்திருந்தது என்று கேட்க வேண்டும் என்பதுதான் ஆசிரியரின் அணுகுமுறை. இந்த வகுப்பை நான் மனமுவந்து பரிந்துரைப்பதற்கும், ஓரிடத்தில் கடுமையாகக் குறை சொல்வதற்கும் அந்த அணுகுமுறையே காரணம்.

'மதாம் பொவாரி' பற்றிய பகுதியே இதன் உச்சம். இந்த நாவல் ஒழுக்கத்தைக் கெடுப்பதாக 1857இல் அதை எழுதிய ஃபிளாபெர் மீது வழக்கு நடந்ததும், அவர் விடுவிக்கப்பட்டதும் பலருக்கும் தெரிந்த செய்தி. இந்த விரிவுரை அங்கே நிற்காமல், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதிவைத்த 1804ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டத்தொகுப்புக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. மணவிலக்கு அந்நாட்டில் 1816இல் ஒழிக்கப்பட்டு 1884இல்தான் மீண்டும் வந்தது என்பதை அறிந்த பிறகு, நாவலின் நாயகி எம்மா கணவனுக்குத் தெரியாமல் வேறு உறவுகளையும் கடன்களையும் தேடிக்கொண்டதை வெறும் பேராசை என்று தள்ளிவிட மனம் வராது. ஆண் குழந்தை பிறக்க வேண்டும், ஆண் என்றால் அவனாவது சுதந்திரமாக இருப்பான் என்று அவள் ஏங்குவதும், பெண் குழந்தை என்று கேட்டவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மயங்குவதும் ஒரு தனிமனுஷியின் கோணல் புத்தியாக எனக்கு இனித் தோன்றாது.

அடுத்து டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா', ஹார்டியின் 'டெஸ்' ஆகிய இரண்டு நாவல்களும் இணைத்து வாசிக்கப்படுகின்றன. ஒரே குற்றத்துக்கு ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. தன் வீட்டு ஆசிரியையோடு உறவு வைத்திருந்த ஸ்டீவாவை அவன் மனைவி டாலி மன்னிக்க வேண்டும் என்று சமாதானம் பேச வருபவளே அவன் சகோதரி அன்னாதான். பின்னர் அவளே கணவனைப் பிரிந்து காதலன் விரான்ஸ்கியோடு வாழத் தொடங்கியதும், அவனுக்குத் திறந்திருக்கும் சமூகக் கதவுகள் அவளுக்கு மட்டும் மூடப்படுகின்றன. நாடக அரங்கில் எல்லோர் முன்னிலையிலும் அவமதிக்கப்படுபவளும் அவள்தான். 1891இல் வெளிவந்த ஹார்டியின் நாவலிலோ, மணநாள் இரவில் கணவன் ஏஞ்சல் தன் பழைய தவறைச் சொல்கிறான், டெஸ் உடனே மன்னிக்கிறாள். அவள் திருமணத்துக்கு முன்பு ஒருவனால் தனக்கு நேர்ந்ததைச் சொன்னதும் அவன் விட்டுப் பிரிகிறான். இங்கிலாந்தின் 1857ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டப்படி கணவனுக்கு மனைவியின் பிறர் உறவு ஒன்றே போதுமான காரணம். மனைவியோ அதனுடன் கொடுமை, கைவிடுதல் போன்ற வேறொன்றையும் நிரூபிக்க வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு 1923 வரை நீடித்தது என்று ஆசிரியர் சொன்னபோது, ஏஞ்சலின் கல்நெஞ்சம் அவனுடையது மட்டுமல்ல என்பது புரிந்தது.

இவ்வளவு கூர்மையாகப் பார்க்கத் தெரிந்த வகுப்பு 'ஜேன் அயர்' நாவலில் தடுமாறுவது எனக்கு வருத்தமளிக்கிறது. ஜேனின் தன்மானத்தையும் அவள் பெற்ற பரம்பரைச் சொத்தையும் பற்றி நீண்ட, நல்ல விளக்கம் உண்டு. ஜேன் விரும்பும் ராச்செஸ்டரின் மனைவி, மாடியில் பூட்டி வைக்கப்பட்ட பெர்த்தாவுக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன. ராச்செஸ்டர் குடும்பச் சொத்து முழுவதும் அவனுடைய அண்ணனுக்கே போக வேண்டும் என்பதற்காக, முப்பதாயிரம் பவுண்டு கொண்டுவரும் பெண் என்று ஜமைக்காவிலிருந்து பார்த்து ராச்செஸ்டருக்குக் கட்டிவைக்கப்பட்டவள் அவள். திருமணமான பெண்கள் தங்கள் சொத்தைத் தாமே வைத்துக்கொள்ளும் முழு உரிமை இங்கிலாந்தில் 1882இல்தான் சட்டமானது என்பதைக் கையேடே குறிப்பிடுகிறது. அப்படியிருந்தும், அந்தப் பணம் யாருடையதாயிற்று என்ற கேள்வி இந்தப் பாடத்தில் எழவே இல்லை. தன் கதையைத் தன் வாயால் சொல்லும் இடம் நாவலில் பெர்த்தாவுக்குக் கிடையாது. அந்தக் கதையை 1966இல் ஜீன் ரீஸ் தனி நாவலாகவே எழுதினார் என்பதையாவது கையேட்டில் சேர்த்திருக்கலாம். சட்டத்தின் துணையோடு வாசிப்பது என்றால், நாயகிக்கு மட்டும் அந்தத் துணையைக் கொடுத்துவிட்டு அவளுக்குக் குறுக்கே நிற்கும் பெண்ணை விட்டுவிடுவது நியாயமாகாது.

விரிவுரைகளின் ஒலிப்பதிவு தெளிவாக இருக்கிறது. கையேட்டில் எழுத்துப்பிழைகள் அதிகம்.

கலந்துரையாடல்கள் நன்றாக நடத்தப்படுகின்றன. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் வரும் சார்லட் லூகஸ் ஏன் அந்த அசட்டுப் பாதிரியாரை மணந்தாள் என்று ஒருவர் ஏளனமாகக் கேட்டபோது, இருபத்தேழு வயது, கையில் சொத்து இல்லை, திருமணம் நடக்காவிட்டால் சகோதரர்களுக்குப் பாரமாக இருக்க வேண்டும் என்ற அவள் நிலையை ஆசிரியர் பொறுமையாக எடுத்துக் கூறினார். கேட்டவர் பதில் பேசவில்லை. ஆனால் அடுத்த வாரம் அந்த அத்தியாயத்தை மீண்டும் படித்துவிட்டு வந்திருந்தார். நாவல்களை முன்பே ஒருமுறை படித்தவர்கள் இதில் சேர்வது நல்லது, ஏனெனில் விரிவுரைகள் கதையைச் சுருக்கிச் சொல்வதில்லை. முதல்முறை படிப்பவர்கள் ஒவ்வொரு நூலையும் முடித்த பிறகே அதற்குரிய பகுதியைக் கேட்க வேண்டும்; 'ஜேன் அயர்' பகுதிக்கு முன்பு பெர்த்தா வரும் அத்தியாயங்களைத் தாமாகவே ஒருமுறை நிதானமாகப் படித்துக்கொள்வது அவசியம்.