வேஸ்ட் டீகம்போசர்: 20 ரூபாய் பாட்டில் எதைச் செய்யும், எதைச் செய்யாது

இலை, சருகு போன்ற கழிவை மக்க வைக்க உதவும் வேஸ்ட் டீகம்போசர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் 30 கிராம் பாட்டில். காசியாபாத்தில் இருக்கும் தேசிய அங்கக வேளாண்மை மையம் (இப்போது தேசிய அங்கக மற்றும் இயற்கை வேளாண்மை மையம்) 2015இல் 20 ரூபாய் விலையில் வெளியிட்டது. நாட்டு மாட்டுச் சாணத்திலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர்கள்தான் உள்ளே இருப்பது. மாடித் தோட்டக்காரர்களும் வாங்குகிறார்கள், தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களும் வாங்குகிறார்கள். இலைக் குவியல் மேல் ஊற்றிவிட்டு, "ரெண்டு மாசம் ஆச்சு, இலை இலையாவே கிடக்கு" என்று நொந்துகொள்பவர்களும் உண்டு. பெரும்பாலும் கோளாறு பாட்டிலில் இல்லை, குவியல் போட்ட விதத்தில்தான்.

முதலில் கரைசல். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், 2 கிலோ வெல்லம், ஒரு பாட்டில். மாடித் தோட்டத்துக்கு இவ்வளவு தேவையில்லை. 20 லிட்டர் பக்கெட், 200 கிராம் வெல்லம், பாட்டில் முழுவதும் போட்டால் போதும். பாட்டிலில் இருப்பதைக் கையால் தொடாமல் குச்சியால் எடுத்துப் போட்டு, காலையும் மாலையும் கலக்கி, துணியோ அட்டையோ போட்டு நிழலில் மூடி வைக்க வேண்டும். காற்றுப் புகாமல் இறுக்கி மூடக் கூடாது. வெயில் காலத்தில் 5 நாள், குளிர் காலத்தில் 7 நாள். தயாரான கரைசல் கலங்கலாக, வெளிர் நிறத்தில், மேலே மெல்லிய நுரையோடு இருக்கும். புளித்த மோர் போன்ற வாடை வந்தால் சரி. அழுகிய வாடை வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

இங்கே கெடுவது இரண்டு காரணத்தால். ஒன்று குளோரின். மாநகராட்சித் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்த பிறகே பயன்படுத்துங்கள். இன்னொன்று வெல்லம். பளபளவென்று மஞ்சளாக இருக்கும் வெல்லத்தில் நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்க வைக்கும் ரசாயனம் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த ரசாயனம் நுண்ணுயிருக்கு ஆகாது. கருப்பாக, பார்வைக்கு அழகில்லாமல் இருக்கும் உருண்டை வெல்லமே இதற்கு ஏற்றது.

பழைய கரைசலில் பத்தில் ஒரு பங்கை எடுத்து, மறுபடி வெல்லமும் தண்ணீரும் சேர்த்துப் பெருக்கலாம். சிக்கனமான வழிதான். ஆனால் திறந்த டிரம்மில் ஒவ்வொரு சுற்றிலும் வெளிக் கிருமிகளும் சேர்ந்து வளரும். நான்கைந்து சுற்றுக்குப் பிறகு புது பாட்டில் வாங்குவது நல்லது.

இதை உரம் என்று சொல்லி விற்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. 200 லிட்டருக்கு 2 கிலோ வெல்லம் என்றால் நூற்றுக்கு ஒரு பங்கு சர்க்கரைத் தண்ணீர். அதில் தழைச்சத்தோ (நைட்ரஜன்) மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) எங்கிருந்து வரும்? செடிக்குச் சோறு போடுவது குவியலில் மக்கும் இலைதான். கரைசல் அந்த வேலையைத் தொடங்கி வைக்கும், அவ்வளவே.

ஆகவே குவியலைச் சரியாகப் போட வேண்டும். காய்ந்த வேப்பிலை, மாவிலை, வாழைச் சருகு மூன்று கூடை என்றால் பச்சை ஒரு கூடை. கிளைரிசிடியா, முருங்கை இலை, பூப்பதற்கு முன் பறித்த களை, சமையலறைக் காய்கறித் தோல் எதுவும் ஆகும். வெறும் சருகில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. எத்தனை பாட்டில் ஊற்றினாலும் நுண்ணுயிர் தன் உடலைக் கட்டத் தழைச்சத்து இல்லாமல் நின்றுவிடும். மாவிலையை நொறுக்கிப் போடுங்கள், மேல்தோல் மெழுகுப் பூச்சு உள்ளது, முழுதாகப் போட்டால் தண்ணீரை உள்ளே விடாது. தென்னை மட்டையை இந்தக் குவியலில் சேர்க்கவே வேண்டாம், அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 அடியாவது இருக்கட்டும். அதைவிடச் சிறிதானால் சூடு தங்காது. ஒரு டன் கழிவுக்கு 20 லிட்டர் கரைசல் என்பது கணக்கு. 3 அடிக் குவியலுக்கு 5 லிட்டர் போதும், அரை அடிக்கு ஒரு அடுக்காகத் தெளியுங்கள். ஈரம் பார்க்க ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் அளவு சரி, ஒழுகினால் அதிகம், கை காய்ந்தே இருந்தால் குறைவு.

நான்காம் நாள் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் குத்தி, ஐந்து நிமிடம் விட்டு உருவுங்கள். நுனியைப் பிடிக்க முடியாத அளவு சுட்டால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். சுடவில்லை என்றால் ஈரம், பச்சை, அளவு மூன்றில் ஒன்று குறை. முட்டை அழுகிய நாற்றம் வந்தால் தண்ணீர் மிகுந்து காற்று அடைபட்டிருக்கிறது, புரட்டிச் சருகு சேருங்கள். மூக்கில் ஏறும் அமோனியா நெடி என்றால் பச்சை அதிகம். எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது. வாரம் ஒருமுறை ஓரத்தில் இருப்பது நடுவுக்குப் போகும்படி புரட்ட வேண்டும். தென்னை பக்கத்தில் இருந்தால் புரட்டும்போது வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கி எடுங்கள். தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிட விரும்பும் இடம் எருக்குழிதான்.

40 நாளில் மக்கிவிடும் என்ற விளம்பரம் மென்மையான கழிவுக்கும் சாணம் கலந்த குவியலுக்கும் பொருந்தும். சருகு மிகுந்த குவியலுக்கு 70 முதல் 90 நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

மாடு இருக்கும் வீட்டுக்கு இந்த பாட்டில் அவசியமில்லை. 5 கிலோ புதுச் சாணத்தைக் கரைத்துத் தெளித்தாலே குவியல் சூடேறும். சாணம் கிடைக்காத நகரத்து மாடிக்கு இது உண்மையிலேயே கைகொடுக்கும். இணையக் கடைகளில் இதே பெயரில் பல மடங்கு விலைக்கும் விற்கிறார்கள், தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் அச்சாகாத பாட்டிலை வாங்காதீர்கள்.

செடிக்குப் போடும் முன் ஒரு சோதனை. மக்கியதையும் தோட்ட மண்ணையும் சரிபாதியாகக் கலந்து, ஒரு சிரட்டையில் 10 வெந்தயம் ஊன்றுங்கள். ஒரு வாரத்தில் குறைந்தது எட்டு விதையாவது முளைக்கவில்லை என்றால் குவியலை இன்னும் இரண்டு வாரம் விட்டுவையுங்கள்.